படுகளம் இல்லாத துரியோதனன்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை ஒரு கட்டாகக் கட்டிவைத்துப் பார்த்தால் முக்கால்வாசி புகார் மனுக்கள். பெண்களைக் கெடுக்கிறது, பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது, மாமியார்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது என்கிற வகை. மீதிக் கால்வாசி, கருத்தியல் விமர்சனம் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்கள் எழுதியது. அதுவும் புகார்தான், மனுவின் மொழி மட்டும் வேறு. இரண்டு வகையிலும் கேட்கப்படாமலே போகிற கேள்வி ஒன்று உண்டு. பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன சந்தோஷம்? குறிப்பாக, சகிக்க முடியாத ஒரு ஆளை வாரத்துக்கு ஆறு ராத்திரி, வருஷக் கணக்கில், சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதில் என்ன சந்தோஷம்?

'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனை மனதில் வைத்துத்தான் கேட்கிறேன். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த தொடர் அது. இயக்கம் திருச்செல்வம். மதுரைப் பக்கத்துப் பெரிய வீடு, நான்கு அண்ணன் தம்பிகள். படித்த பெண்களாகப் பார்த்துப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்துவது அந்த வீட்டு வழக்கம். மூத்தவன் குணசேகரன் சொன்னதுதான் சட்டம். தங்கை ஆதிரை விரும்பியவனைத் தவிர்த்து இன்னொருவனுக்குக் கட்டிவைக்கப்படுகிறாள். இந்தக் குணசேகரனாக நடித்தவர் ஜி. மாரிமுத்து. 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'இந்தாம்மா ஏய்' என்று அவர் கூப்பிடுகிற கூப்பாடு ஊர் ஊராகப் பரவியது. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு இறந்துபோனார். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பெண்கள் அழுதார்கள். அதற்கு முந்தின ராத்திரி வரைக்கும் 'இவனுக்கு ஒரு சாவு வரமாட்டேங்குதே' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே பெண்கள். இதை முரண் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினால் விஷயம் கையை விட்டுப் போய்விடும்.

எங்கள் பக்கம் என்று நான் சொல்வது தருமபுரி மாவட்டத்தை. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டிதான் இங்கே பல வீடுகளுக்கு முதல் பெட்டி. 'சித்தி'யையும் 'மெட்டி ஒலி'யையும் அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் 'கோலங்கள்' முடிகிற காலத்தில் தங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தார்கள். 'மெட்டி ஒலி'யின் மாமியார் ராஜம், 'கோலங்க'ளின் ஆதி, பிறகு இந்த ஆதி குணசேகரன் என்று ஒரு வம்சாவளியே உண்டு. (திருச்செல்வம்தான் 'கோலங்க'ளையும் எடுத்தார். இரண்டு தொடரிலும் வில்லனுக்கு ஆதி என்றே பெயர். தற்செயலா, ராசியா, தெரியாது.) இவர்களில் ஒருவரைக்கூடப் பார்வையாளர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அவர்கள் வராத ராத்திரி சப்பென்று போய்விடும். 'இன்னிக்கி ஒண்ணுமே இல்ல, சும்மா அழுதுகினு கெடந்தாளுங்க' என்பார்கள். பிடிக்கிறது என்பதும் ரசிக்கிறது என்பதும் வேறு வேறு என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியிருப்பது சிறுபத்திரிகைக்காரர்களுக்குத்தான்.

ஏனென்றால் நாம் செய்கிற காரியத்தைப் பாருங்கள். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' கந்தனை நாம் கொண்டாடுகிறோம். தரகன், குடிகாரன், கட்டியவளையும் அந்தத் தொழிலுக்குள் வைத்திருப்பவன். தாஸ்தாயெவ்ஸ்கியின் நிலவறை மனிதனைக் கொண்டாடுகிறோம். அவனோடு கால்மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார யாராலும் முடியாது. அது இலக்கிய அனுபவம், மனித இருப்பின் இருள் இன்ன பிற. அதே காரியத்தைப் பாப்பாரப்பட்டியில் ஒரு பெண் பாத்திரம் கழுவிவிட்டு வந்து ராத்திரி ஒன்பதரை மணிக்குச் செய்தால் அது அறியாமை, மூளைச்சலவை, நுகர்வுக் கலாச்சாரத்தின் பலி. நமக்குச் சிக்கலான மனம் இருப்பதாகவும் அவளுக்கு நேர்கோட்டு மனம் இருப்பதாகவும் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். இந்த முடிவுக்கு எந்தக் கோட்பாட்டின் ஆதரவும் கிடையாது. வெறும் சாதிப் புத்தி, ஆம்பளைப் புத்தி.

இந்த வேலையை வெளியே ஒருத்தர் நாற்பது வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார். அமெரிக்கத் தொடரான 'டல்லஸ்' உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருந்த காலம். அதன் வில்லன் ஜே.ஆர். சுடப்பட்டபோது சுட்டது யாரென்று 1980இல் பல நாடுகளில் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்தில் இயன் ஆங் என்கிற ஆய்வாளர் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். எனக்கு 'டல்லஸ்' பிடிக்கும், ஆனால் அதைச் சொன்னால் மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள் அல்லது ஏன் வெறுக்கிறீர்கள், எழுதுங்கள் என்கிற கருத்தில். 42 கடிதங்கள் வந்தன. அவற்றைப் படித்து அவர் எழுதிய நூலில் இரண்டு விஷயங்கள் நமக்கு வேண்டியவை. ஒன்று, பிடிக்கும் என்று எழுதியவர்கள் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதினார்கள், அல்லது 'கிண்டலுக்காகத்தான் பார்க்கிறேன்' என்று தப்பித்துக்கொண்டார்கள். வெகுசனக் கலாச்சாரம் மட்டமானது என்கிற கருத்தியல் பார்ப்பவரின் வாயில் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு, அந்தக் கோடீஸ்வர வாழ்க்கை யாருடைய வாழ்க்கை மாதிரியும் இல்லை, ஆனாலும் 'நிஜமாக இருக்கிறது' என்றார்கள். வீடும் எண்ணெய்க் கம்பெனியும் நிஜமில்லை. சந்தேகமும் ஏமாற்றமும் குடும்பத்துக்குள் மாட்டிக்கொண்ட மூச்சுமுட்டலும் நிஜம். உணர்ச்சி சார்ந்த எதார்த்தம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

'எங்க மாமனாரு அச்சு அசல் இப்பிடித்தாங்க' என்று இங்கே ஒரு பெண் சொல்கிறபோதும் இதுதான் நடக்கிறது. அவளுடைய மாமனாருக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, நாலு ஆடு. குணசேகரனுக்கோ கார், ஆள், அம்பு, கோர்ட், பங்குச் சண்டை. ஆனால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிற விதம் ஒன்று. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் கூப்பிடுகிற விதம் ஒன்று. அந்தக் குரல் ஒன்று.

இயன் ஆங்கோடு எனக்குள்ள பிணக்கு வேறு இடத்தில். இந்த ரசிப்பைப் பெட்டியோடு பிறந்ததாக எடுத்துக்கொண்டு பேசினால் நமக்குப் போதாது. வெறுக்கப்பட வேண்டியவனை விடிய விடிய ரசிப்பது நமக்குப் புதிதே கிடையாது. அதற்கென்று ஒரு முழு நிகழ்த்துகலையே இருக்கிறது, இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. பாரதம் நடக்கிற ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பதினெட்டு நாள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பகலில் பாரதக் கதை படிப்பு, ராத்திரியில் தெருக்கூத்து. கோயில் திரௌபதிக்கு. ஆனால் ராத்திரியில் கூட்டம் நிமிர்ந்து உட்காருவது துரியோதனன் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போதுதான். ரெண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய, சலங்கை ஒலிக்க, தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு அவன் வருகிற வரவுக்காகத் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி உட்காரவைப்பார்கள். தருமன் வந்தால் யாரும் யாரையும் எழுப்புவதில்லை.

கூத்துக்கு அந்த ரசிப்பு ஆபத்தானது என்று தெரியும். தெரிந்ததால் அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. துகில் உரிகிற ராத்திரியில் சேலையில் கைவைப்பதற்கு முன்னால் துச்சாதனன் வேடக்காரர் சூடம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பது உண்டு. நான் செய்யப்போவது வேடம், வேடத்தின் பாவம் என்மேல் வரக் கூடாது என்பதற்கான சூடம். கட்டியக்காரன் வேறு கூடவே நின்று ராஜாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பான். ராஜாவுக்குக் கோபம் வரும், கூட்டத்துக்குச் சிரிப்பு வரும். அதிகாரத்தின் ஆர்ப்பாட்டத்தை ரசித்துக்கொண்டே அதற்கு வெளியிலும் உட்கார்ந்திருக்கக் கூட்டத்துக்கு இது ஒரு வசதி.

எல்லாவற்றுக்கும் மேலே கடைசி நாள் படுகளம். திடலில் மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனன் உருவத்தைப் படுக்கவைத்திருப்பார்கள், முறுக்கிய மீசை, விழித்த கண். பகலிலே, வேடக்காரர்கள் அந்த மண் உடம்பின் மேலேயே ஓடியாடி பதினெட்டாம் போர் நடத்துவார்கள். பீமன் தொடையில் அடிக்க, சிவப்பு நீர் கொட்ட, அவிழ்ந்து கிடந்த கூந்தலை அம்மன் முடிந்துகொள்வாள். பல ஊர்களில் இதற்கப்புறம்தான் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வருகிறாள். கையில் விளக்குமாறு. விழுந்து கிடப்பவன்மேல் ஒப்பாரி வைக்கிறாள், விளக்குமாற்றால் அடிக்கவும் செய்கிறாள். சில ஊர்களில் கூட்டத்தில் இருப்பவர்களும் தலையை நீட்டி அந்த அடியை வாங்கிக்கொள்வார்கள், பீடை கழியும் என்று. சாயங்காலம் தீமிதி. அதோடு அந்த வருஷத்துத் துரியோதனன் முடிந்தான்.

இதை அரிஸ்டாட்டிலின் 'உணர்ச்சி வெளியேற்றம்' என்று ஒரே சொல்லில் மூடிவிடச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு உடன்பாடில்லை. பெருந்திருவாள் செய்வதில் வெளியேற்றத்தைவிட முக்கியமானது, வெறுப்பும் பாசமும் ஒரே கையில், ஒரே விளக்குமாற்றில், எல்லோர் கண்ணெதிரிலும் வெளிப்பட அனுமதிக்கப்படுவது. 'இவன் என்னை நாசம் பண்ணினான், இவன் இல்லாமல் நான் என்ன ஆவேன்' என்கிற இரண்டையும் ஒரு பெண் ஒரே மூச்சில் சொல்கிற இடம் நம்முடைய கலாச்சாரத்தில் வேறெங்கே இருக்கிறது? (பெருந்திருவாளாக ஆடுகிறவர் வழக்கமாக ஒரு ஆண் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்கிறேன். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) மாரிமுத்து செத்த அன்று அழுத பெண்களை முரண் என்று சொல்லக் கூடாது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். அவர்கள் வைத்தது பெருந்திருவாள் ஒப்பாரி. தொடரில் அவர்களுக்குக் கிடைக்காத படுகளம் நடிகரின் சாவில் திடீரென்று கிடைத்தது. தப்பான உடம்பின் மேல், ஒரு நல்ல மனுஷனின் உடம்பின் மேல் கிடைத்தது என்பது வேறு விஷயம். அந்த மனுஷனோ தொலைக்காட்சி விவாத மேடையில் சோதிடர்களை எதிர்த்து வாதாடிய பகுத்தறிவுக்காரர்.

தொடரில் ஏன் படுகளம் கிடைக்காது என்பது எளிய கணக்கு. பதினெட்டு நாள் என்பது கூத்துக்கு விதிக்கப்பட்ட எல்லை. தொடருக்கு எல்லை, விளம்பரம் வருகிறவரை. 'கோலங்கள்' 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது, 'எதிர்நீச்சல்' 700க்கு மேல். இத்தனை நாளைக்கு ஒருவனை வெறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமானால் அவன் தோற்கவும் கூடாது, முழுசாக ஜெயிக்கவும் கூடாது. இன்றைக்கு அவமானப்படுவான், நாளைக்கு எழுந்துகொள்வான். மருமகள்கள் வாசற்படி தாண்டுவார்கள், அடுத்த வாரம் அடுப்படிக்கே திரும்பி வருவார்கள். மாரிமுத்து இறந்த பிறகு சில வாரம் குணசேகரன் இல்லாமலே கதை ஓடியது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 2024 டிசம்பரில் இரண்டாம் பாகமே ஆரம்பித்தது. மனுஷன் செத்தாலும் பாத்திரம் சாகவில்லை. சாக அதற்கு அனுமதியில்லை. கூத்தில் ஆட்டக்காரர் மாறினால் கூட்டம் கவலைப்படாது, கிரீடமும் புஜகீர்த்தியும் மாவும் மையும்தான் துரியோதனன். தொடரிலோ கேமரா முகத்துக்கு அரையடி தள்ளி நின்று பழக்கிவைத்த ரோமக்காலும் எச்சில் தெறிப்பும்தான் குணசேகரன். அதனால்தான் புதியவர் வந்தபோது 'இவரு அந்த மாதிரி இல்லீங்க' என்று அலுத்துக்கொண்டார்கள். வெறுப்பதிலும் பழக்கம் என்று ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே நடமாடுகிற நோஞ்சான் பூனைமேல் வருகிற மாதிரி ஒரு ஒட்டுதல்.

படுகளத்தைத் தொடர் தரவில்லையென்றால் பார்க்கிறவர்கள் சும்மாவா இருக்கிறார்கள்? இல்லை. சூடத்தையும் கட்டியக்காரனையும் விளக்குமாற்றையும் அவர்களே கொண்டுவருகிறார்கள். தனியாக மௌனமாக யாரும் சீரியல் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டேதான் பார்க்கிறார்கள். 'வந்துட்டான் பாரு', 'அவனுக்கு எதுக்குடி பயப்படற, போடு ஒண்ணு', 'இப்ப பாரு, இவ கால்ல வுளுவா'. பிரெக்ட் தன் நாடகத்துக்குச் சுருட்டுப் பிடித்தபடி, குத்துச்சண்டை பார்க்கிற தோரணையில் மதிப்பீடு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பார்வையாளர்கள் வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெர்லினில் அவருக்குக் கிடைத்தார்களோ என்னவோ, வெற்றிலையும் பூண்டு உரிப்புமாக அவர்கள் இங்கே தெருத்தெருவாக இருந்தார்கள். நம் விமர்சகர்கள் திரையை மட்டும் பிரதியாக எடுத்துக்கொள்கிறார்கள். திரைமேல் பேசப்படுகிற இந்தப் பேச்சையும் சேர்த்தால்தான் பிரதி முழுசாகிறது.

அந்தப் பேச்சிலேயே அழகானது, போலச் செய்தல். 'இந்தாம்மா ஏய்' பெண்கள் வாயில் புகுந்ததும் என்ன ஆனது என்று கவனித்தேன். புருஷன் தண்ணி கேட்டால் 'இந்தாப்பா ஏய், மொடாவுல இருக்குது, மொண்டு குடி'. மாமியாரிடம் மருமகள், தலைவாசலில் பேத்தி தாத்தாவிடம். வாழ்நாள் பூரா ஒரு குரலுக்கு எழுந்து ஓடியவர்களுக்கு அந்தக் குரலைத் தாங்களே எடுத்துப் போட்டுப் பார்க்க ஒரு சந்தர்ப்பம். போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு மலிவான சரக்கு என்று தெரியும். தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, முகவாயைத் தூக்கினால் போதும், யாருக்கும் வரும். அதிகாரம் என்பது ஒரு தொனி, ஒரு உடல்மொழி என்று ஃபூக்கோ படித்து நாம் மெல்ல மெல்லக் கற்றதை இவர்கள் ஒரு வாரத்தில் நடித்தே காட்டினார்கள்.

ஆனால் அதே சொற்றொடர் டீக்கடையிலும் இருந்தது. ரிங்டோனாக இருந்தது. மனைவியைக் கூட்டத்தில் 'இந்தாம்மா ஏய்' என்று கூப்பிட்டுவிட்டுச் சுற்றியிருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆண்களும் இருந்தார்கள். கிண்டல்தான் என்பார்கள். கூப்பிடப்பட்டவள் எழுந்துதான் வந்தாள். ஒன்பதரை மணி என்பதால் ஆண்களும் உட்கார்ந்து பார்த்த தொடர் இது. ஒரே பாத்திரத்தை ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டு பேர் ரசிக்கிறார்கள், ஒருத்தி அந்தக் குரலைப் பறித்துக்கொள்ள, ஒருத்தன் அதைப் புதுப்பித்துக்கொள்ள. பார்வையாளரின் சுதந்திரம், எதிர் வாசிப்பு என்றெல்லாம் குதூகலிக்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். எதிர் வாசிப்பு இருக்கிற வீட்டிலேயே நேர் வாசிப்பும் இருக்கிறது.

இவ்வளவும் சிரித்துப் பேசுகிற விஷயம். சிரிக்காமல் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு, தங்கை யாரைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுக்கிற ஒரு அண்ணனை ரசிப்பதைப் பற்றி எழுதுகிறவன் 2012 நவம்பர் 7ஐத் தாண்டிப் போக முடியாது. ஒரு தலித் இளைஞரும் வன்னியப் பெண்ணும் செய்துகொண்ட திருமணம், பெண்ணின் தந்தை தற்கொலை, அன்றைக்கு நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடங்களிலும் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அந்த இளைஞர் தருமபுரி ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

இந்தக் கதையில் குணசேகரன் யார்? நான் இந்தக் கேள்வியோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். தொடரின் தர்க்கப்படி பெண்ணின் தகப்பன்தான் குணசேகரனாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே தகப்பன் தூக்கில் தொங்கினார். 'இந்தாம்மா ஏய்' என்று அதட்டுகிற ஒற்றைக் குரல் அங்கே எதுவும் இல்லை. ஊர் பேசியது, உறவு பேசியது, மேடை பேசியது, சங்கம் பேசியது. அந்தப் பேச்சைத் தாங்க முடியாத ஒரு ஆள் செத்தார், பிறகு அந்தச் சாவே தீவட்டியாகப் பயன்பட்டது. அதிகாரம் அங்கே முகமில்லாமல் இருந்தது. முகமில்லாததைப் போலச் செய்ய முடியாது. விளக்குமாற்றால் அடிக்கவும் முடியாது, எங்கே என்று அடிப்பது?

குணசேகரன் தருகிற இன்பத்தின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆயிரம் வாயால் பேசுகிற ஒன்றைத் தொடர் ஒரு வாயில் அடக்கிக் கொடுக்கிறது. ஒரு வேட்டி, ஒரு மீசை, ஒரு நாற்காலி. பார்க்கிறவளுக்கு அது பெரிய ஆறுதல். தன்னை அழுத்துவது இன்னது என்று விரல் நீட்ட ஒரு ஆள் கிடைக்கிறான். அந்த ஆறுதலைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை, அதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அதற்குத் தொடர் வாங்கிக்கொள்கிற விலை, சாதி. ஆதி குணசேகரன் இன்ன சாதி என்று நான் பார்த்தவரை தொடர் சொல்வதில்லை. கௌரவம், வம்சம், குடும்ப மானம், நம்ம வழக்கம் என்று எல்லாச் சாதிச் சொற்களும் உண்டு, சாதி மட்டும் இல்லை. அதனால் எல்லாச் சாதிப் பெண்களும் 'எங்கூட்லயும் இப்பிடித்தான்' என்று சொல்ல முடிகிறது, எந்தச் சாதி ஆணுக்கும் கோபம் வருவதில்லை. ஆணாக அவனை வெறுக்கலாம். சாதியாக அவனை வெறுக்க வழியில்லை. கொளுத்தப்பட்ட வீட்டுப் பெண்ணும் கொளுத்திய தெருப் பெண்ணும் ஒரே ராத்திரி ஒரே ஆளை ஒரே மாதிரி திட்டியிருப்பார்கள். இதைப் பெண்களின் ஒற்றுமை என்று படிக்கலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு முடியவில்லை.

இதே மாரிமுத்து 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் தகப்பனாக வந்தார். அதே கட்டைக் குரல், அதே உடம்பு. ஆனால் அந்தத் தகப்பன் கத்துவதில்லை. தன் ஆட்கள் அந்தப் பையனை அடித்து நொறுக்கிய பிறகு, என் மகளை விட்டுவிடு, இவர்கள் உங்கள் இரண்டு பேரையும் கொன்றுவிடுவார்கள் என்று மன்றாடுகிறார். நல்லவரா கெட்டவரா என்று கேட்க முடியாத நிலை. அவருக்குப் பின்னால் ஊர் நிற்கிறது, அவரே அதற்குப் பயப்படுகிறார். 2012இன் தகப்பனுக்கு இந்தத் தகப்பன்தான் பக்கத்தில் வருகிறார். இந்தத் தகப்பனை யாரும் போலச் செய்து நான் பார்த்ததில்லை. ரிங்டோனும் வரவில்லை. ரசிக்க அங்கே ஒரு பிடிமானம் இல்லை. ஒரே நடிகர், சாதியைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடுகிறது, சாதியை மறைத்தால் எழுநூறு ராத்திரி ஓடுகிறது. தொடர் எடுக்கிறவர்களை மட்டும் இதற்குக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாமும் சிரிக்கத்தானே வந்து உட்காருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடிக்காத பாத்திரங்கள் என்று வில்லனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்தத் தொடரில் பார்வையாளர்களுக்குப் பிடிக்காமல் போனவள் ஆதிரை. விருப்பமில்லாதவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட அந்தப் பெண்ணை 'சும்மா அழுவுறா', 'எரிச்சலா வருது', 'சொன்னா கேக்க மாட்டா' என்றே பேசினார்கள். அமெரிக்காவிலும் இதுவே நடந்திருக்கிறது. 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைமருந்து காய்ச்சுகிற வால்டர் ஒயிட்டை ஆராதித்த கூட்டம், அவனைத் தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரைக் கரித்துக்கொட்டியது. வெறுப்பு நடிகைமேலேயே பாய்ந்து, 2013இல் ஆனா கன் அதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் எழுத வேண்டிவந்தது. பொல்லாதவனை வெறுப்பதில் சுகம் இருக்கிறது. அவனிடம் மாட்டிக்கொண்டு மூக்கைச் சிந்துகிறவளை வெறுப்பதில் சுகம் இல்லை, எரிச்சல் மட்டும்தான், அது நம் முகத்தைக் கண்ணாடியில் அரைத்தூக்கத்தில் பார்க்கிற எரிச்சல். அவளைப் போலச் செய்து காட்டவும் யாரும் முன்வரமாட்டார்கள், ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதானே.

கூத்து இதை எப்படிச் சமாளித்தது என்று யோசித்தால் பெருந்திருவாளுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பதினெட்டு நாளில் பெரும்பகுதி அவளுக்கு இடமே கிடையாது. துரியோதனன் சபையில் கொக்கரிக்கிற ராத்திரிகளில் அவள் எங்கே இருந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கடைசிப் பகலில் அவள் அழும்போது கூட்டம் 'எரிச்சலா வருது' என்று எழுந்து போவதில்லை. கையில் விளக்குமாறு இருக்கிற பெண்ணின் அழுகை வேறு. எழுநூறு பகுதிகளில் ஆதிரையின் கையில் ஒருநாளாவது ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.